கழுவெளிக்கு வேலியா, வேலையா?

சென்னை ரேடியல் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் கூழைக்கடா, பூநாரை. பெருங்குடிப் பக்கம் திரும்பினால் குப்பைமேடு. பள்ளிக்கரணைக் கழுவெளியில், அதாவது சதுப்பு நிலத்தில், முதலில் நடந்தது திட்டமே இல்லாத திட்டம். கணக்கில் தரிசு என்று இருந்ததால் குப்பை கொட்டினார்கள், குறுக்கே சாலை போட்டார்கள், அரசு நிறுவனங்களே கட்டடம் எழுப்பின. ஒருகாலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் கிடந்த கழுவெளி இப்படித்தான் சுருங்கியது.

மிச்சத்துக்குச் சென்னை தேர்ந்த வழி வேலி. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடானது. 2022இல் 1,247 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியது. வேலிக்குள் பறவைகளுக்கு நிம்மதிதான். ஆனால் தண்ணீர் வேலியைப் பார்த்தா வருகிறது? தென்சென்னைப் புறநகர் ஏரிகளின் உபரிநீர் இங்கே இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போக வேண்டும். மேலே ஏரியையும் கால்வாயையும் மனை போட்டால் வனத்துறை என்ன செய்யும்? 2015இல் வேளச்சேரித் தெருக்களில் படகு விட்டோமே.

கொல்கத்தா வழி வேறு. நகரத்துக்குக் கிழக்கே 12,500 ஹெக்டேர், 2002இல் ராம்சர் தகுதி பெற்றது. அங்கே சதுப்பு நிலம் சும்மா இருப்பதில்லை. ஊர்ச் சாக்கடையை ஆழமில்லாத குளங்களில் விடுகிறார்கள். வெயிலும் பாசியும் கழிவைத் தின்ன, பாசியை ரோகு, கட்லா மீன்கள் தின்கின்றன. கரை அரிக்காமலிருக்க ஓரத்தில் ஆகாயத்தாமரையைக் கட்டி வளர்க்கிறார்கள். நம் ஊரில் அதை அள்ளி எறியத்தான் டெண்டர் விடுகிறோம். குளத்தைத் தூர்த்தால் பிழைப்பு போகும் என்பதால் காவலுக்கு அங்கே ஆள் இருக்கிறது. ஆக்கிரமிப்பு அங்கும் உண்டு. கொல்கத்தாவை ஒட்டிய சால்ட் லேக் நகரமே சதுப்பைத் தூர்த்துக் கட்டியதுதான்.

அப்படியே இங்கே மீன் வளர்க்கலாமா? என் வாக்கு இல்லை. குப்பைமேட்டுச் சாறு பல ஆண்டுகளாக ஊறிய தண்ணீரில் வளர்ந்த மீனை யார் தட்டில் வைப்பது? கொல்கத்தாவிடம் வாங்க வேண்டியது மீனை அல்ல, 2006இல் அவர்கள் போட்ட சட்டத்தை. அந்த எல்லைக்குள் எந்த நிலம் எந்தப் பயன்பாட்டில் இருக்கிறதோ, அனுமதியின்றி அதை மாற்றக் கூடாது. உள்ளே வேலி இருக்கட்டும். வெளியே, வரத்துக் கால்வாய்களின் இரு கரைக்கும் இந்தப் பூட்டைப் போட வேண்டும். அதைச் செய்ய வேண்டியது வனத்துறை அல்ல, மனைக்கு அனுமதி தரும் அலுவலகங்கள்.