கோல்ஃப் மழை உடை: எந்தத் துணிக்கு எந்த அளவு?

அமெரிக்க, ஐரோப்பிய அணிகள் மோதும் கோல்ஃப் போட்டியான ரைடர் கோப்பையின் 2010 ஆட்டத்தில், முதல் நாள், வேல்ஸின் செல்டிக் மேனர் மைதானத்தில் கொட்டிய மழையில் அமெரிக்க அணியின் மழை உடைகளுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. மைதானக் கடையில் ரசிகர்களுக்காக வைத்திருந்த புரோகுவிப் நிறுவன மழை உடைகளை வாங்கிவந்து ஆட்டக்காரர்களுக்கு மாட்டிவிட்டார்கள். மழை உடை என்று பேச்செடுத்தால் இந்தக் கதை வராமல் போகாது. கூடவே "எத்தனை மில்லிமீட்டர் தாங்கும்?" என்ற கேள்வியும் வரும். துணி எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தை ஒழுகாமல் தாங்கும் என்பதுதான் அந்த எண். ஆனால் 10,000 மி.மீ. நீர்த்தம்பம் தாங்கும் துணி இன்று நடுத்தர விலையிலேயே கிடைக்கிறது. தையல்களின் உட்புறம், ஊசித் துளைகளை அடைக்கும் நாடா ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். வாங்கியபின் புலம்ப வைப்பது பெரும்பாலும் அளவுதான். பேக்ஸ்விங்கில் (அடிக்குமுன் மட்டையைப் பின்னால் தூக்கும்போது) தோள் பிடிக்கும், பேண்ட் ஷூவில் மாட்டும், பட்டிங்கில் (பந்தைக் குழியை நோக்கி உருட்டும்போது) வயிற்றுப் பக்கத் துணி தொங்கிப் பந்தை மறைக்கும்.

அளவைத் துணியிலிருந்து தொடங்க வேண்டும். ஃபுட்ஜாய் நிறுவனத்தின் ஹைட்ரோலைட் நெய்த துணி, எடை குறைவு. அதே நிறுவனத்தின் ஹைட்ரோநிட் பின்னல் துணி, இழுத்தால் ஸ்வெட்டர் போல நீளும். பின்னல் துணி தோளோடு சேர்ந்து நகர்வதால் வழக்கமான அளவே சரியாக இருக்கும். நெய்த துணி அந்த அளவுக்கு நீளாது. கை வீச வேண்டிய இடத்தை அகலத்தில்தான் கொடுத்தாக வேண்டும். இரண்டு அளவுகளுக்கு நடுவே மாட்டிக்கொள்பவர் நெய்ததில் பெரியதையும் பின்னலில் சிறியதையும் எடுக்கலாம். ஸ்வீடனின் கால்வின் கிரீன் மாதிரி நிறுவனங்கள் உள்சட்டை, கதகதப்புக்கு நடு அடுக்கு, மேலே மழை ஜாக்கெட் என்று அடுக்குகளாகவே விற்கின்றன. நடுவில் எதைப் போடப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் மேல் ஜாக்கெட்டின் அளவைப் பேசிப் பயனில்லை.

அளவுப் பட்டியலில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. அதில் இருக்கும் மார்பு எண் பெரும்பாலும் உங்கள் உடம்பின் அளவு, ஜாக்கெட்டின் அளவு அல்ல. உள்ளே ஸ்வெட்டர் போட இடம் விட்டுத்தான் வெட்டியிருப்பார்கள். ஸ்வெட்டரின் மேலேயே டேப் வைத்து அளந்து, பிறகு "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒரு அளவு கூட்டினால் கூடாரம்தான் கிடைக்கும். மெல்லிய சட்டையோடு, அக்குளுக்குக் கீழே மார்பின் அகன்ற இடத்தில், டேப் முதுகிலும் இறங்காமல் கிடையாக இருக்கும்படி அளக்க வேண்டும். ஆண்களுக்கான ஐரோப்பிய எண் மார்புச் சுற்றளவில் பாதி. 100 செ.மீ. என்றால் 50. பிரிட்டிஷ் எண் அங்குலத்தில் இருக்கும், அதே ஆளுக்கு ஏறத்தாழ 40. ஜப்பானியச் சந்தைக்குத் தைத்தவை பொதுவாக ஒரு அளவு சிறியவை. அங்கே 'எல்' என்பது இங்கிலாந்துக்காரரின் 'எம்'. மார்பைவிட வயிறு பெரிதாக இருப்பவர் வயிற்றுக்கு அளவெடுத்துவிட்டு, முன்கையில் வெல்க்ரோ பட்டை உள்ள மாடலாகப் பார்த்துக் கை நீளத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெண்கள், கிடைக்கவில்லை என்பதற்காக ஆண்களின் 'ஸ்மால்' வாங்கினால் தோள் தொங்கும், இடுப்பு எலும்பில் ஜிப் இழுக்கும்.

போட்டுப் பார்க்கும்போது கையைத் தொங்கவிட்டுக் கண்ணாடி முன் நிற்பது வீண். பந்தின் முன் நிற்பதுபோல் குனிந்து முழு பேக்ஸ்விங் எடுக்க வேண்டும். வலக்கை ஆட்டக்காரருக்கு இடக்கைதான் மார்பைக் கடந்து போகிறது. உச்சியில் இடது மணிக்கட்டுப் பட்டி 2, 3 செ.மீ. ஏறினால் பரவாயில்லை. கையுறைக்கும் பட்டிக்கும் நடுவே நான்கு விரல் அகலம் தோல் தெரிந்தால் அந்த அளவு ஆகாது, மழை அந்த இடைவெளி வழியாக முழங்கை வரை ஓடும். கீழ் விளிம்பு பேண்டின் இடுப்புக்கு மேல் ஏறக் கூடாது. காலர் ஜிப்பை மேலே வரை போட்டு, தாடை அதில் இடிக்காமல் தோள் திரும்புகிறதா என்றும் பார்க்க வேண்டும். அடுத்து பட்டர் (பட்டிங் மட்டை) பிடித்து நில்லுங்கள். முன்பக்கத் துணி முன்கைகளில் உரசினால் பெரிது. அடித்துப் பார்க்க வலை கட்டி, கையில் ஒரு கிளப்பும் (மட்டையும்) தரும் கடைக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம், அதில் தப்பில்லை.

சிறிய அளவில் இன்னொரு கெடுதல் இருக்கிறது. தோளில் இழுத்துப் பிடித்து உரசும் இடத்தில்தான் துணி மேலுள்ள நீர்விலக்கும் பூச்சு முதலில் தேயும். அங்கே மேல்துணி ஈரத்தைக் குடித்துக் கனத்துவிட்டால் உள்ளிருக்கும் வியர்வை ஆவி வெளியேறாது. உள்ளே ஜில்லென்று ஒட்டும்போது 'ஒழுகுகிறது' என்று கடையில் சண்டை போடுவார்கள். பல தடவை அது வியர்வைதான். துணி மென்மையாக்கும் திரவம் போட்டுத் துவைத்தாலும் இதே கதை. மென்படல உடைகளுக்கென்று (நீரைத் தடுத்து ஆவியை வெளியே விடும் மெல்லிய படலம் உள்ள மழை உடைகளுக்கென்று) விற்கும் சோப்பில் அலசி, லேபிள் அனுமதித்தால் டிரையரில் மிதமான சூட்டில் 20 நிமிடம் ஓட்டினால் பூச்சு ஓரளவு உயிர்பெறும்.

இந்த ஆவி வெளியேற்றம் உள்ளே சூடும் ஈரமும் கூடி, வெளியே குறைவாக இருந்தால்தான் நடக்கும். ஸ்காட்லாந்திலும், ஊட்டி, நுவரெலியா குளிரிலும் முழு உடை வேலை செய்யும். சென்னையின் நவம்பர் மழைக்கு அரைக்கை மழை ஜாக்கெட்டை ஒரு அளவு தாராளமாக எடுத்துக் கூடவே குடை பிடிப்பது புத்திசாலித்தனம்.

பேண்டில் ஏமாறுபவர்களே அதிகம், ஏனென்றால் யாரும் அதைப் போட்டுப் பார்ப்பதில்லை. முதலில், சாதாரண பேண்டின் மேல் போடுவதா, தனியாகவா என்று முடிவு செய்யுங்கள். மேலே போடுவதென்றால் அந்தப் பேண்டோடேயே இடுப்பையும் தொடையையும் அளக்க வேண்டும்; பட்டியல் எண் கைகொடுக்காது. போட்டுக்கொண்டு, பட்டிங் கோடு (பந்து குழிக்கு உருளும் பாதை) பார்ப்பதுபோல் குத்தவைத்து உட்காருங்கள். முழங்காலிலும் பின்புறத்திலும் துணி விறைத்தால் அடுத்த அளவு. ஷூவைக் கழற்றாமல் மாட்ட, கால் ஜிப் முழங்கால் வரையாவது வர வேண்டும். கணுக்காலோடு நிற்கும் ஜிப்பில் சேறு படிந்த ஷூ நுழையாது.

நீளத்தை கவட்டையிலிருந்து ஷூவின் குதிகால் மேல்விளிம்பு வரை, கோல்ஃப் ஷூ போட்டே அளக்க வேண்டும். தரையைத் தொடும் நீளம் ஷூவின் அடியிலுள்ள ஸ்பைக்கில் (முள்ளில்) மாட்டிக் கிழியும், புல்லின் ஈரத்தையும் மேலே உறிஞ்சும். 'தைத்துக் குறைத்துக்கொள்ளலாம்' என்பது இங்கே எளிதல்ல. ஜிப் அடிவரை போவதால் வெட்டினால் அதன் அடிமுனையும் போய்விடும், ஊசித் துளைகளுக்கு மேல் நாடா ஒட்டத் தெரு முனைத் தையற்கடையில் வசதி இருக்காது. 30, 32, 34 அங்குலம் என்று உள்கால் நீளத்தைத் தனியாகத் தேர்ந்தெடுக்கவிடும் மாடல்களே வாங்கத் தகுந்தவை. அது கிடைக்காவிட்டால் கணுக்காலில் வெல்க்ரோ இறுக்கி உள்ளதைப் பாருங்கள். 3, 4 செ.மீ. கூடுதல் நீளத்தை ஷூவுக்கு மேல் மடிந்து நிற்கும்படி அது பிடித்துக்கொள்ளும். இணையத்தில் வாங்குபவர் அடுத்தடுத்த இரண்டு அளவுகளை வரவழைத்து, அட்டையைக் கழற்றாமல் வீட்டுக்குள்ளேயே ஸ்விங் செய்து பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பி அனுப்பலாம். மேலே உள்ள விளக்கு பத்திரம்.