வாளையார்: பேனரா, பக்கத்து லாரி டிரைவரா?

தமிழக-கேரள எல்லையில், வரிச் செக்போஸ்டில் லாரிகள் வரிசைகட்டி நின்ற வாளையார் பக்கம் லாரிக்காரர்களிடம் எச்.ஐ.வி. தடுப்பு வேலை பார்க்க எங்கள் குழுவிடம் இருந்தது சிறு தொகைதான். பேனர், வீதி நாடகம் என்று செலவழிக்கலாம். இல்லையென்றால் டிரைவர்களிலேயே சிலரைப் பழக்கி மற்றவர்களிடம் பேசவிடலாம். இரண்டாவதை எடுத்தோம். இன்றும் என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

விளம்பரத்தை மட்டம் தட்ட மாட்டேன். 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று கேட்டுக் கேட்டே, வாய்விட்டுப் பேசக் கூசிய விஷயத்தை டீக்கடை பெஞ்சுக்குக் கொண்டுவந்தது அதுதான். ஆனால் தெரிந்தவன் அதன்படி நடக்கிறானா?

அங்கே சின்ன விவரம்தான் வேலை செய்கிறது. ஆணுறையை டேஷ்போர்டில் போட்டுவைத்தால் வெயிலில் ரப்பர் கெட்டுப்போகும், பாக்கெட்டைப் பல்லால் கிழிக்காதே என்றெல்லாம் பேனர் சொல்லாது. சக டிரைவர் கேபினில் ஏறி உட்கார்ந்து சொல்வார், கையோடு இரண்டு நிரோத்தும் கொடுப்பார். கென்யப் பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு ஒத்துப்போகிறது. கல்யாணம் வரை விலகியிரு என்று போதித்த பாடத்திட்டத்தால், பாதுகாப்பில்லாத உறவுக்கு அடையாளமான மாணவிகளின் கர்ப்பம் குறையவில்லை. வயதில் மூத்த ஆண்களிடம் தொற்று எவ்வளவு அதிகம் என்று கணக்கோடு சொன்ன பள்ளிகளில் 28 சதவீதம் குறைந்தது.

சரி, இதைத் தொடர்ந்து நடத்தும் செலவுக்கு வருவோம். என்னைக் கேட்டால் முடிவைத் தீர்மானிப்பது இதுதான். பேனருக்கு ஒருமுறை காசு கொடுத்தால் போதும். ஆள் அப்படியில்லை. மாதாமாதம் மதிப்பூதியம் வேண்டும். பழக்கிய டிரைவர் வேறு லைனுக்கோ வளைகுடாவுக்கோ போய்விட்டால் இன்னொருவரை முதலிலிருந்து பழக்க வேண்டும். நிரோத் ஸ்டாக் தீர்ந்துபோனால் அவர் பேச்சுக்கே மதிப்பில்லை. செலவு கூடுதல்தான், மறுக்கவில்லை.

ஆனால் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வரிச் செக்போஸ்ட் போனதும் லாரி வரிசையும் போய்விட்டது. பேனர் நின்ற இடத்திலேயே நின்றது, படிக்கத்தான் ஆளில்லை. எங்கள் டிரைவர்களோ கஞ்சிக்கோட்டு லோடிங் இடங்களுக்கும் பஞ்சர் கடைகளுக்கும் போனார்கள். மலையாளப் பலகை படிக்கத் தெரியாத பொள்ளாச்சிக்காரரை கேரள அரசின் 'ஜ்யோதிஸ்' எச்.ஐ.வி. பரிசோதனை மையம்வரை கூட்டிப்போனதும் அவர்கள்தான்.

ஊரில் இருக்கும் மனைவிமார் விஷயத்தில் எங்களுக்கு அனுபவம் குறைவு. செல்போனில் ஜோடி தேடும் பையன்களிடமும் அப்படித்தான். அவர்களுக்கு விளம்பரமோ 1097 உதவி எண்ணோ இதைவிட நன்றாக எடுபடலாம்.