ஓப்பன்ஸ்டாக்ஸா, எம்.ஐ.டி. ஓப்பன்கோர்ஸ்வேரா?

முதலாண்டு இயற்பியல் நடத்தும் ஆசிரியருக்கு, இணையத்தில் பாடநூல் தரும் ஓப்பன்ஸ்டாக்ஸ், வகுப்புப் பாடப்பொருள் தரும் எம்.ஐ.டி. ஓப்பன்கோர்ஸ்வேர் இரண்டும் இலவசம்தான். வேறுபாடு உரிமத்தில், அதாவது அவற்றை எப்படிப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனையில் இருக்கிறது. பலர் அதைப் படிப்பதே இல்லை என்பது என் வருத்தம்.

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்திலிருந்து இயங்கும் ஓப்பன்ஸ்டாக்ஸ், 2016-இல் 'யுனிவர்சிட்டி பிசிக்ஸ்' நூலை 3 தொகுதிகளாகத் தந்தது. படைப்பைப் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் பொது உரிமங்களான கிரியேட்டிவ் காமன்ஸில், இதற்கு 'பை' (BY) உரிமம்: மூலத்தையும் உரிமத்தையும் செய்த மாற்றத்தையும் குறிப்பிட்டால் போதும். மூன்றாம் தொகுதியில் வரும் ஒளியியலை முன்னுக்குக் கொண்டுவரலாம், வேண்டாததை வெட்டலாம், தமிழாக்கி அச்சிட்டு விற்கவும் செய்யலாம். ஆனால் அவர்களுடைய கால்குலஸ் நூலில் வணிகத் தடை உண்டு. ஆகவே ஒவ்வொரு நூலின் முன்பக்கத்தையும் பார்த்தே ஆக வேண்டும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி. 2001-இல் அறிவித்த ஓப்பன்கோர்ஸ்வேரின் பலம் வேறு: விரிவுரைக் காணொளிகள், வீட்டுக் கணக்குகள், பல பாடங்களில் விடைகளோடு தேர்வுத்தாள்கள். வணிகப் பயன்பாடு கூடாது. மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். சில படங்கள் அந்த உரிமத்துக்கே வெளியே நிற்கும், அடியில் குறிப்பு இருக்கும்.

பாடநூலுக்கு நான் முன்னதைத்தான் எடுப்பேன். பயிற்சிக் கணக்குகளுக்குப் பின்னதன் இணைப்பை மட்டும் மாணவரிடம் கொடுப்பேன். உரிம நிபந்தனைகள் வேறு என்பதால் இரண்டையும் ஒரே கோப்பில் கலக்க மாட்டேன்.