சாலை இரைச்சலுக்கு எது: இரட்டைக் கண்ணாடியா, உள்ஜன்னலா?

இரட்டைக் கண்ணாடி என்றால் 6 மி.மீ. கண்ணாடி இரண்டு, நடுவே 12 மி.மீ. இடைவெளி. வெயில் சூட்டுக்கு நல்லது. ஆனால் இந்த அமைப்பு சுமார் 200 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த சுருதியில் ஒலியோடு சேர்ந்து தானும் அதிரும். பஸ், லாரி உறுமலும் அந்தச் சுருதிக்கு அருகில்தான், அதனால் உள்ளே வந்துவிடும்.

பழைய ஜன்னலை அப்படியே விட்டு, உட்புறம் 100 மி.மீ. தள்ளி இன்னொன்று பொருத்தினால் அந்த அதிர்வு 70 ஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கும். இரைச்சலுக்கு இதுவே மேல். இரண்டு ஜன்னல் கண்ணாடியும் ஒரே தடிமன் கூடாது, ஒரே சுருதியில் ஒலியை விட்டுவிடும்; வெளியே 6 என்றால் உள்ளே 8.76 மி.மீ. லேமினேட்டட் (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி). சுவரில் ஆழம் இருக்கிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

எதுவானாலும் ஸ்லைடிங் வேண்டாம். அதன் ஓரத்து பிரஷ் பட்டையின் இடுக்கில் காற்று நுழைந்தால் ஹாரனும் நுழையும். ஓரத்தில் ரப்பர் பீடிங் வைத்த, கதவு போல் கீலில் திறக்கும் கேஸ்மென்ட்தான் சரி; சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சிலிகான் முழுக்க நிரம்ப வேண்டும்.