ஹால் சுவருக்கு எந்தக் காட்டுப் படம்: கோண்டு ஓவியமா, நீர்வண்ணமா?

பெங்களூரு அல்சூர் பக்கம் பல வீடுகளில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான். அதற்குப் பதில் ஹாலில் மாட்டக் காட்டுப் படம் வாங்க, ஜனவரியில் குமார கிருபா சாலையில் கூடும் ஓவியச் சந்தையான சித்ர சந்தே நல்ல இடம்.

மத்தியப் பிரதேசத்தின் கோண்டு பழங்குடியினர் ஓவியத்தில் மானின் கொம்பே மரமாகக் கிளைப்பதுண்டு. உடல் முழுக்கப் புள்ளியும் கோடும். ஓவியர் ஜன்கர் சிங் ஷியாம் உலகறியச் செய்த பாணி. பார்க்கப் பார்க்கப் புதிதாக ஏதாவது அகப்படும், ஆனால் கண் ஓயாது. பிள்ளைகள் அறைக்குச் சரி.

நீர்வண்ணம் என்றால் பனிமூட்டம், மங்கிய பச்சை. மைசூர் ஓவியர் வெங்கடப்பா வரைந்த ஊட்டிக் காட்சிகள் மாதிரி. 1984இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்த நோயாளிகள் செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். (அது நிஜ மரம், படமல்ல.) டிராஃபிக்கில் நொந்து வருபவருக்கு என் ஓட்டு நீர்வண்ணத்துக்கே. அப்புறம், வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் நிறம் வெளிறிவிடும்.