உடன்படிக்கையா, கூட்டுக் கொள்முதலா, ஆயத்த நிதியா?

2021 மே மாதத்தில், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 3.5 கோடி கொரோனா தடுப்பூசிகளுக்கு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரியது. ஒரு நிறுவனம்கூட முன்வரவில்லை. இத்தனைக்கும், 1994இல் தொடங்கப்பட்ட அந்தக் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் சேர்த்து மருந்து வாங்கி விலையைக் குறைத்துக் காட்டிய அமைப்பு. பிற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய முன்மாதிரி. அதுவே வெறுங்கையோடு நின்றதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால், பெருந்தொற்றை எதிர்கொள்ள உலக நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்டுள்ள ஏற்பாடுகளில் எது எவ்வளவு தாங்கும் என்பதும் புரிந்துவிடும்.

முதலில் கூட்டுக் கொள்முதல். 2020இல் ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி கிடைக்கச் செய்யும் காவி (Gavi), தொற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வுக்கு நிதி தரும் செப்பி (CEPI), உலக சுகாதார நிறுவனம் ஆகியவை முன்னின்று உருவாக்கிய கோவாக்ஸ், நம் மருத்துவப் பணிகள் கழகத்தின் தத்துவத்தையே உலக அளவில் செய்து பார்த்த முயற்சி எனலாம். ஏழை நாடும் பணக்கார நாடும் ஒரே குடையின் கீழ் வாங்கினால் விலையும் குறையும், பங்கீடும் நியாயமாக இருக்கும் என்பது கணக்கு. 2021 முடிவதற்குள் 200 கோடி டோஸ் வழங்குவது இலக்கு. 100 கோடி டோஸ் போய்ச் சேர்ந்ததோ 2022 ஜனவரியில்தான். பணக்கார நாடுகள் உற்பத்தியாளர்களோடு தனித்தனியே ஒப்பந்தம் செய்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்டது ஒரு காரணம். மற்றொன்று நமக்கு மிக நெருக்கமானது: கோவாக்ஸ் பெரிதும் நம்பியிருந்தது புனேயின் சீரம் நிறுவனத்தை, இந்தியாவில் இரண்டாம் அலை எழுந்ததும் 2021 மார்ச் இறுதியில் ஏற்றுமதி நின்றது. அந்த 2021 ஜனவரியில்தான் பூட்டானுக்கும் மாலத்தீவுக்கும் தடுப்பூசி அனுப்பி நட்புறவு முயற்சியைத் தொடங்கியிருந்த இந்தியா, கோவாக்ஸுக்கு மறுபடி அனுப்பத் தொடங்கியபோது நவம்பர் ஆகிவிட்டது. சொந்த மக்கள் தடுப்பூசி முகாம்களில் காத்துக் கிடக்கும்போது வேறு எந்த அரசும் இதைத்தான் செய்திருக்கும் என்பதே என் எண்ணம். ஆனால் ஆப்பிரிக்க நாடுகள் அதை அப்படிப் பார்த்திருக்க முடியாது.

கூட்டுக் கொள்முதலின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. விற்பவர் பலர் போட்டியிடும் காலத்தில் சேர்ந்து வாங்குபவருக்கு வலிமை உண்டு. பெருந்தொற்றில் நிலைமை தலைகீழ்: வாங்குபவர்கள் போட்டியிடுகிறார்கள், விற்பவரோ அவர் நாட்டு அரசின் பிடியில் இருக்கிறார். பாராசிட்டமாலுக்குப் பொருந்திய முறை 2021இன் தடுப்பூசிக்குப் பொருந்தாமல் போனது அதனால்தான். 2023 டிசம்பர் 31இல் மூடப்படும் முன் கோவாக்ஸ் 146 நாடுகளுக்கும் ஆட்சிப்பகுதிகளுக்கும் ஏறத்தாழ 200 கோடி டோஸ் கொண்டுசேர்த்தது என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தாமதமாகப் போனாலும் போய்ச் சேர்ந்தது.

இந்தப் பாடத்தை விதியாக எழுதிவைக்கும் முயற்சியே இரண்டாவது வழியான உடன்படிக்கை. 2025 மே 20 அன்று ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவை பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றது. அதற்கு முந்தைய நாள் குழு வாக்கெடுப்பில் 124 நாடுகள் ஆதரித்தன, எவரும் எதிர்க்கவில்லை, 11 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அதன் உயிர்நாடி, கிருமி மாதிரிகளையும் மரபணுத் தகவலையும் பகிரும் நாடுகளுக்குப் பதிலாக என்ன கிடைக்கும் என்பது. ஏற்பாட்டில் சேரும் நிறுவனங்கள், பெருந்தொற்று நேரத்தில் தாம் தயாரிக்கும் தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவிகளில் 20 விழுக்காட்டை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க முனைய வேண்டும். அதில் குறைந்தது பாதி, அதாவது மொத்தத்தில் 10 விழுக்காடு, இலவசம். இந்த வாதம் புதிதல்ல. பறவைக் காய்ச்சல் மாதிரிகளைத் தரமாட்டோம் என்று 2007இல் இந்தோனேசியா மறுத்ததும், அதன் விளைவாக 2011இல் இன்ஃப்ளுயன்சாவுக்கு மட்டும் ஒரு பகிர்வுச் சட்டகம் பிறந்ததும் இதற்கு முன்கதை.

குறை என்னவென்றால், பகிர்வு விவரங்களைச் சொல்லும் இணைப்பைப் பிறகு பேசி முடிக்கலாம் என்று ஒத்திவைத்தே உடன்படிக்கையை நிறைவேற்றினார்கள். இணைப்பு முடிந்து, கையெழுத்தாகி, 60 நாடுகள் ஏற்புறுதி அளித்த பிறகே அது நடைமுறைக்கு வரும். சாப்பாட்டை விட்டுவிட்டு இலையை மட்டும் விரித்ததுபோல. ஊரடங்கையோ தடுப்பூசியையோ கட்டாயமாக்க உலக சுகாதார நிறுவனத்துக்கு அதிகாரம் இல்லை என்று உடன்படிக்கையே தெளிவாகச் சொல்கிறது. ஆகவே இறையாண்மை பறிபோகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் அச்சத்துக்கு இடமில்லை. என் கவலை நேர்மாறானது: மீறும் நாட்டை எதுவும் செய்ய முடியாது.

மூன்றாவது வழி ஆரவாரமற்றது. ஜி20 முயற்சியில் 2022இல் உலக வங்கியில் தொடங்கிய பெருந்தொற்று நிதியம், நோய் வருவதற்கு முன்பே கண்காணிப்பு, ஆய்வகம், பயிற்சி பெற்ற ஆட்கள் ஆகிய மூன்றுக்கும் மானியம் தருகிறது. இந்தியாவுக்குக் கிடைத்த 2.5 கோடி டாலர் கால்நடை நோய்க் கண்காணிப்புக்கானது. விலங்கிலிருந்து மனிதருக்குத் தாவும் நோய்களை நினைத்தால் சரியான இடம்தான். இந்தியாவின் பரப்புக்குச் சொற்பத் தொகைதான். ஆண்டுதோறும் சுமார் 1,050 கோடி டாலர் பன்னாட்டு நிதி கூடுதலாகத் தேவை என்று உலக வங்கியும் உலக சுகாதார நிறுவனமும் மதிப்பிட்டிருந்ததோடு ஒப்பிட்டால் நிதியமே சிறியது.

ஆனாலும் என் தேர்வு இதன் பக்கமே சாய்கிறது. கொரோனா மாதிரிகளைத் தமிழகத்தில் முதலில் சோதித்தது 1899இல் தோன்றிய கிண்டி கிங் நிறுவனம். உருமாறிய கிருமியைக் கண்டறியவோ, 2021 செப்டம்பரில் தேனாம்பேட்டையில் மரபணு ஆய்வகம் திறக்கும்வரை மாதிரிகளைப் பெங்களூருக்கு அனுப்பிக் காத்திருந்தோம். முன்பே இருந்த கூடம் முதல் நாளிலேயே உதவியது. இல்லாத கூடத்துக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது.

நான்காவதாகக் கூட்டு ஆராய்ச்சியையும் சேர்க்கிறேன், அது நம் ஊரில் நடந்ததால். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை கைகோத்துச் சென்னையில் ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையில் வைத்து மருந்து கொடுப்பதும் வீட்டிலேயே கொடுப்பதும் ஒன்றாக ஆய்ந்து பார்க்கப்பட்டன. வீட்டுச் சிகிச்சை பெரிதாகக் குறைந்ததல்ல என்று 1959இல் வெளியான முடிவும், உடன் வாழும் குடும்பத்தினருக்கும் அதனால் கூடுதல் ஆபத்தில்லை என்று பின்னர் வந்த முடிவும் உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றின. ஐந்தாண்டுத் திட்டமாகத் தொடங்கிய அந்த மையம் இன்றும் சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது.

ஆக, உடன்படிக்கைக்கு இந்தியா கையெழுத்திடட்டும். கூட்டுக் கொள்முதலும் மீண்டும் வரட்டும், ஆனால் உற்பத்தி பல நாடுகளில் பரவிய பிறகு வரட்டும். அந்த உற்பத்திக்கு வேண்டிய கட்டடம் நம் பக்கத்திலேயே இருந்தது: 2021 கோடையில் சென்னையில் ஊசிக்கு மக்கள் அலைந்தபோது, செங்கல்பட்டு திருமணியில் பல நூறு கோடி ரூபாயில் எழுந்த ஒன்றிய அரசின் தடுப்பூசி வளாகத்திலிருந்து ஒரு டோஸ் கொரோனா தடுப்பூசியும் வெளிவரவில்லை.