உதவித்தொகையோடு இடையிடையே வேலை: நூறு நாள் வேலையா, பலகாரமா, கொட்டானா?

பராமரிப்பு உதவித்தொகையாக மாதம் 2,000 ரூபாய் பெறும் மாற்றுத்திறனாளி ஒருவர், உடல் இடங்கொடுக்கும் நாட்களில் மட்டும் ஏதேனும் வேலை செய்து கூடுதலாக ஈட்ட விரும்பினால், செட்டிநாட்டில் அவர் எண்ணிப் பார்க்கத்தக்க வழிகளாக நூறு நாள் வேலை, பலகாரக் கூலி, ஓலைக்கொட்டான் எனும் பனையோலைக் கூடை பின்னல் ஆகிய மூன்றைச் சொல்லலாம். கூலியை மட்டும் வைத்து இவற்றை எடைபோடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முடியாத நாளில் யாரிடமும் கெஞ்சாமல் நிறுத்திக்கொள்ள முடிகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

கூலியில் நூறு நாள் வேலைதான் முன்னே நிற்கிறது. 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழகத்தில் அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். மாற்றுத்திறனாளிகள் நான்கு மணி நேரம் வேலை செய்தாலே முழுக் கூலி தர வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் அரசாணை எண் 52 கூறுகிறது. குடிநீர் வழங்குவது, வேலைக்கு வந்தவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது போன்ற இலகுவான பணிகளைக் கேட்டுப் பெறவும் வழியுண்டு. ஆனால் இது ஊரகத் திட்டம். ஆத்தங்குடி போன்ற ஊராட்சிகளில் இருப்பவருக்குக் கிடைக்கும் இந்த வேலை, பேரூராட்சிகளான கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் இருப்பவருக்குக் கிடைக்காது. 2024இல் மாநகராட்சியான காரைக்குடிக்கும் இதுவே நிலை. மேலும், வேலை நடக்கும் நாளை முடிவு செய்வது நாமல்ல. கண்மாய்க் கரை வரை வெயிலில் போய்ச் சேர்வதே சிலருக்கு அன்றைய வலுவைத் தீர்த்துவிடும்.

பலகார வேலை நிழலில், உட்கார்ந்தபடி செய்வது. தீபாவளிக்கும், தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கும் கைமுறுக்கும் சீப்புச் சீடையும் மணகோலமும் அண்டா அண்டாவாகத் தேவைப்படுவதால், சுற்றத் தெரிந்த கைக்கு எப்போதும் கிராக்கி உண்டு. இருப்பினும் நோய் ஏறி இறங்கும் உடல்வாகு உள்ளவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். பிசைந்த மாவு காத்திருக்காது. புளிப்பதற்குள் சுற்றி எண்ணெயில் போட்டாக வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின நாள் விரல் மரத்துப்போனால், வேலை கொடுத்தவருக்கும் சங்கடம், அடுத்த முறை கூப்பிடுவார்களா என்ற கவலை நமக்கும் சேரும்.

கொட்டான் பின்னலில் அந்த நெருக்கடி இல்லை. சாயம் ஏற்றிக் காயவைத்த பனையோலையை மெல்லிய நாராகக் கிழித்து, ஒடியாமலிருக்க ஈரத்துணியில் பொதிந்து வைத்துப் பின்ன வேண்டும். பாதிக் கொட்டானை அப்படியே மூலையில் வைத்துவிட்டு நான்கு நாள் படுத்துக் கிடந்தாலும், எழுந்ததும் ஓலையை மறுபடி நனைத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். புவிசார் குறியீடு பெற்ற கைவினை என்பதால் சீர்வரிசைக்கு அப்பாலும் வாங்குவோர் உண்டு. கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும். தொடக்கத்தில் வரும்படியும் சொற்பமே. விரல்களும் கண்ணும் ஒத்துழைப்பவர்களுக்கு, இம்மூன்றில் இதையே நான் முதலில் சொல்வேன்.

எந்த வேலையானாலும், சம்பாதித்தால் உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற அச்சம் பலரை வீட்டிலேயே முடக்கி வைத்திருப்பதைக் காணும்போது மனம் வருந்துகிறது. எல்லா உதவித்தொகையும் ஒன்றல்ல. மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை, பாதிப்பின் வகையையும் சதவீதத்தையும் அடிப்படையாகக் கொண்டது. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியமோ, 80 சதவீதப் பாதிப்போடு வறுமைக்கோட்டுக்குக் கீழான நிலையையும் கேட்பது. ஆகவே அதைப் பெறுவோர் வருமானத்தைக் குறித்துக் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். மறைத்துச் சம்பாதிப்பதைவிட முன்கூட்டியே கேட்டுவிடுவது பாதுகாப்பானது. பராமரிப்புத் தொகை பெறுவோர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், ஓய்வூதியம் பெறுவோர் தாலுகா அலுவலகத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவிலும் மனு கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். செட்டிநாடு இரு மாவட்டங்களில் பரவியிருப்பதால், கானாடுகாத்தான்காரர் சிவகங்கைக்கும் ராயவரம்காரர் புதுக்கோட்டைக்கும் போக வேண்டியிருக்கும்.